மூன்றாம் மாடித் துணிகள்

பூர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில்
இருபத்தொரு வருடமாய்த் துணி துவைக்கிறேன்.
மாடிகளைப் பைகளின் கோட்டில்தான் அறிவேன்.
நீலம் என்றால் சத்திரசிகிச்சை,
பச்சை முதியோர்,
மஞ்சள் மூன்றாம் மாடி.
மஞ்சளுக்குத் தொண்ணூறு பாகை,
அதற்கு முன் குளிர்நீரில் ஓர் அலசல்.
இரத்தம் சுடுநீரில் இறுகிவிடும்.
இதைத் தவிரப்
பிரசவம் பற்றி எனக்கொன்றும் தெரியாது.

யதுசா பிறந்த அன்று
உணவகத்தில் எனக்குத் தட்டுக் கழுவும் முறை.
முதலாளி விடவில்லை.
அடுத்த நாள் பார்த்தேன்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டாம் கிழமை.
கைபேசியில் ஏதோ செயலி வைத்திருக்கிறாள்,
கிழமைக்கொரு மரக்கறி அனுப்புவாள்:
எலுமிச்சை, கத்தரிக்காய்,
போன மாதம் தேங்காய்,
இந்தக் கிழமை லீக்ஸ்.
"லீக்ஸா?"
"நீளத்தைச் சொல்லுறாங்கள், அப்பா."
கோப் கடையில் ஒன்றை எடுத்து
முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தேன்.
காசுப்பெட்டியில் இருந்த பெண் சிரிக்கவில்லை.

பெயரை முடிவு செய்துவிட்டார்கள், சொல்லமாட்டார்கள்.
இரண்டு மொழி வாயிலும் நிற்கும் பெயராம்.
ழ வேண்டாம், எங்களுக்கே வராது.
ர வேண்டாம்,
சம்பந்தி ஊலி அதை மலையுச்சியிலிருந்து உருட்டிவிடுவார்.

அந்த ஊலி ஆகஸ்டிலேயே தொட்டில் செய்து முடித்துவிட்டார்.
செர்ரி மரம், தானே தறித்தது.
பிள்ளை பிறக்க முன் வீட்டுக்குள் தொட்டில் ஆகாது
என்றாள் என் மனைவி சறோ.
மருமகன் ரெட்டோ தகப்பனுக்கு
அதை எப்படி மொழிபெயர்த்தானோ,
தொட்டில் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது,
மேலே ஓர் உருளைக்கிழங்குச் சாக்கு.
ஞாயிறு போனோம். வயலெல்லாம் பனிப்புகார்.
அவர் பேச்சு எனக்குப் பாதி விளங்காது,
என் ஜெர்மன் அவருக்குப் பாதி.
சாக்கை விலக்கி
ஒரு விரலால் மெல்லத் தட்டினார்.
வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது.
தெரிந்தும்
நானும் ஒருமுறை தட்டினேன்.
பசுவொன்று திரும்பிப் பார்த்தது.

அவரைக் குரோஸெட்டி என்று கூப்பிடுமாம்.
என்னை அம்மப்பா.
உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலில்
யாருக்கும் கேளாமல் சொல்லிப் பார்க்கிறேன்.
முன்பாதி என் மகளுக்குக் கிடைக்கப்போகும் பெயர்.
பின்பாதி அவள் எனக்குத் தந்தது.
எனக்கென்று அதில் ஓர் எழுத்துமில்லை,
அதுதான் பிடித்திருக்கிறது.

நேற்றிரவு பதினொன்றரைக்கு ரெட்டோவின் செய்தி:
"வந்துவிட்டோம். மூன்றாம் மாடி. இன்னும் நேரமிருக்கு."
நான் அதே கட்டடத்துக்குள் நிற்பதை மறந்திருப்பான்.
பதினெட்டுப் படி, பிறகு லிஃப்ட்.
போகலாம்.
போய்க் கைகளை எங்கே வைப்பது?
சறோ முன்னமே அங்கே, கொத்தமல்லித் தண்ணீர் ஃப்ளாஸ்குடன்.

ஒரு மணிக்கு மஞ்சள் பைகள் இரண்டு
குழாய் வழியே வந்து விழுந்தன.
யாருடையவை என்று எழுதியிருக்காது.
இன்று மேலே மூன்று பெண்கள் என்றாள்
கிராசா, போர்த்துக்கல்காரி, எல்லாம் அறிந்தவள்.
குளிர்நீரைத் திறந்தேன்.
வழமையைவிட ஐந்து நிமிடம் கூட ஓடவிட்டேன்.

விடிய நாலரை.
பிறந்த பிள்ளையைச் சுற்றும் வெள்ளைத் துணிகளை
மடித்து அடுக்கினேன், கட்டுக்கு இருபது.
கிராசா எண்ணினாள்.
"பத்தொன்பதுதான் இருக்கு."
ஒன்றில் சுருக்கம், திரும்ப அழுத்தவேணும் என்றேன்.
என் கையிலிருந்து வாங்கி
விளக்குக்கு நேரே விரித்துப் பார்த்தாள்.
எங்கே சுருக்கம்?

மேசையில் கைபேசி கவிழ்ந்து கிடந்து
ஒருமுறை அதிர்ந்தது.
துணியைத் தா என்றேன் கிராசாவிடம்,
முதலில் இதை மடிக்கிறேன்.