கழித்தல் குறி

கலாமா நகரில் இரவு மருந்துக்கடை.
கதவுக்குக் கம்பிவலை, வலையில் ஒரு கை நுழையும் துளை.
இரண்டு மணிக்கு மேல் வருபவர் குறைவு:
பல்வலி, தலைவலி,
சிலே பாலைவனத்தின் குளிருக்கு ஒதுங்கும் மஞ்சள் நாய்.
எர்மிந்தா சோக்கே கல்லாவுக்குப் பின்னால்
மகன் விட்டுப்போன மடிக்கணினியைத் திறக்கிறாள்.
எஸ் விசை பெயர்ந்துவிட்டது.
அந்தக் குழியில் தீக்குச்சி முனையால் குத்தவேண்டும்.

திரையில் ஒரு வணக்கம் வரவழைக்க
மூன்று இரவுகள் ஆயின.
நான்கு இடைவெளி வேண்டிய இடத்தில் மூன்று விட்டதற்கு
பைத்தான் ஏழு வரி திட்டியது.
மருந்துச்சீட்டைத் தப்பாகப் படித்தபோதுகூட
யாரும் இவ்வளவு திட்டியதில்லை.
பிறகு ஒரு நாள், நிற்கத் தெரியாத ஒரு சுழலை
எழுதி ஓடவிட்டாள்.
கணினியின் விசிறி ஊளையிட்டது.
நாயும் சேர்ந்துகொண்டது.

"தாமிரம் ஏறுமா?" என்று கேட்கிறான் அண்ணன் நிகானோர்.
ஒரு நடைக்கு முந்நூறு டன் பாறையைக்
குழியிலிருந்து ஏற்றுகிறவன்
என்னைக் கேட்கிறான்!
ஏற்றுவது இங்கே. ஏறுவது எங்கோ,
அவன் பார்த்தேயிராத ஒரு திரையில்.

அவள் எழுதியது இவ்வளவுதான்:
விலை நான்கு டாலர் ஆனால் வாங்கு.
நாலரை ஆனால் விற்றுவிடு.
அவளுடைய ஸ்பானிஷில் அதற்கு ஒரு சொல்,
தயங்குவதற்கு வேறு சொல்.
என் தமிழில் இரண்டுக்கும் ஒரே ஆனால்.
அதனால் அவள் நிரலை நான் படிக்கும்போது
ஒவ்வொரு வரியும் நடுவில் சற்று நின்று
மோவாயைத் தடவுகிறது.
பைத்தான் எதையும் தடவுவதில்லை.

ஒன்பதாம் வாரம்.
பத்து வருட விலைகளை உள்ளே கொட்டி,
பத்து லட்சம் பேசோ போட்டிருந்தால்
இன்று எவ்வளவு என்று கேட்டாள்.
எண் வந்தது.
இலக்கங்களை விரல்வைத்து எண்ணினாள்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினாள்.
பதினொன்று.

அடுத்த ஒரு மணி நேரத்தில் செலவழித்தாள்:
அண்ணன் முதுகெலும்புக்கு சந்தியாகோவில் அறுவை சிகிச்சை,
பிறகு இந்தக் கடையையே வாங்கினாள்,
கம்பிவலையைக் கழற்றி நடுத்தெருவில் எறிந்தாள்,
நாய்க்கு ஒரு மெத்தை.
அதற்குள் வலைக்குள் ஒரு கை வந்தது.

மூன்று வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல்.
"காலைக்குள் இறங்கிவிடுமா?"
"தெரியாது. இதைக் கொடுங்கள்.
இறங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்."
சில்லறை கொடுத்து, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
அந்தத் தெரியாது இன்னும் வாயிலேயே இருந்தது.
எனக்குத் தெரியாதது
இதற்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

வரி வரியாகக் கீழே இறங்கினாள்.
முப்பத்தொன்றாம் வரி.
அடைப்புக்குள் ஒன்று, ஒன்றுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு,
கைதவறி விழுந்த கண்ணிமை மயிர் போல.
நேற்றைய விலையைப் பார் என்று சொல்ல நினைத்தவள்
நாளைய விலையைப் பார் என்று சொல்லியிருக்கிறாள்.
அதுவும் சொன்னபடி கேட்டிருக்கிறது, பத்து வருடமும்
மறுநாள் செய்தித்தாளை முதல்நாளே படித்துவிட்டு
சாதுவாக முகத்தை வைத்துக்கொண்டு.

கோட்டை அழித்தாள். மறுபடி ஓட்டினாள்.
எட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
போட்டதைவிடக் குறைவு.

சிரித்தாளா என்று கேட்டால்,
நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது என்பதோடு விடுகிறேன்.
பிழையுள்ள கோப்பை அவள் அழிக்கவில்லை.
வேறு பெயரில் சேமித்தாள்:
நாளை.

ஏழு மணிக்குச் சுரங்கப் பேருந்து நிறுத்தத்தில்
நிகானோர் மறுபடி கேட்டான், ஏறுமா?
"முப்பத்தொன்றாம் வரியைத் திருத்திவிட்டேன்," என்றாள்.
அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.
பேருந்து வந்தது, ஏறினான்.

அன்றிரவு முப்பத்திரண்டாம் வரி:
தரகுக் கட்டணம், அதை மறந்தே போயிருந்தாள்.
அதைக் கழித்தால் இன்னும் குறையும்.
புதுத் தீக்குச்சி ஒன்றை எடுத்தாள்.