பக்கம் நான்கு, கேள்வி பதினொன்று

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்
உதவி வேண்டும் என்கிறது படிவம்.
ஞானதிரவியம் யோசிக்கிறார்.
சேரன்மகாதேவி தடத்தில் இருபத்தாறு வருஷம்
மீதிச் சில்லறை பாக்கி வைக்காத கண்டக்டர்.
"மணிக்கணக்கா எதுக்கு? பன்னெண்டு நிமிசம் போதும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருக்க
என்னையப் பைய புரட்டிப் போடணும்.
இவளுக்குத் தோளு தூக்க வரல."

பன்னிரண்டு நிமிடத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

வள்ளியூர் இல்லத்தில் கட்டில் காலி,
நடக்கிறவர்களுக்கு மட்டும்.
தென்காசியில் மூன்று மாத முன்பணம்.
இன்னோர் இடத்தில்
ஆண்கள் கூடம் தனி, பெண்கள் கூடம் தனி.
அதைச் சொன்னபோது
ராஜக்கனி மிக்சியை நிறுத்தினாள்.
"அப்ப நான் யாருகூடச் சண்ட போட?"

கடைசியில் ஆளைக் கண்டுபிடித்தது நானல்ல.
தூக்கம் வராதவருக்குத்
தெரு முழுக்கக் காதில் கிடக்கிறது.
ஒன்றே முக்காலுக்கு ஒரு பைக் வரும்,
அணைவதற்குமுன் இரண்டு தரம் இருமும்.
ஐகிரவுண்டில் வார்டு வேலை முடித்து
வீடு திரும்பும் மாசானமுத்து.

போய்க் கேட்டேன்.
"இம்புட்டுதானா? அங்க
ஒரு ஷிப்டுக்கு முப்பது பேரப் புரட்டுதேன் மேடம்."
சம்பளம் என்றதும் கூச்சப்பட்டான்.
விடாமல் பேசி முடித்தேன்.

சேவை வழங்குபவரின் பதிவு எண்:
அந்த இடத்தில்
அவன் வண்டி நம்பரை எழுதி அனுப்பினேன்.
அலுவலகம் இன்னும் திருப்பி அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு,
மாமியார் ஊருக்குப் போய்விடுவான்.
ஞாயிறுக்கு
ஒரு பன்னிரண்டு நிமிடம்
தேடிக்கொண்டிருக்கிறேன்.