பிழைக் கொப்பி

வலயத்திலிருந்து கடிதம் இல்லை.
பயணப்படி இல்லை.
மாதத்தின் இரண்டாம் சனி
மூன்று பஸ்களில் மூன்று பேர்
மாங்குளம் சந்தியில் இறங்குகிறோம்:
ஒட்டுசுட்டானிலிருந்து அன்ரனீற்றா ரீச்சர்,
மல்லாவியிலிருந்து கோணலிங்கம் சேர்,
கனகராயன்குளத்திலிருந்து நான்.

வயலினில் பட்டம் பெற்றவள் நான்.
வந்து இறங்கியதோ
பன்னிரண்டு மெலோடிக்கா, நாலு சைட் டிரம்,
ஒருவருக்கும் ஊதத் தெரியாத ஒரு டிரம்பெட்.
"மியூசிக் ரீச்சர்தானே" என்றார் அதிபர்,
பல் வைத்தியரைப்
பிரசவத்துக்குக் கூப்பிட்டதுபோல.

முதலாம் ஆண்டு வகுப்பறை.
குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட இருக்கிறோம்.
நடுவில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று.
எது வரவில்லை என்று மட்டும்
அதில் எழுதலாம்.
வந்ததை எழுத
அதிபரின் மேசையில் வேறு கொப்பிகள் உண்டு.

முதல் மாதம் ஒருவரும் பேனையைத் தொடவில்லை.
கச்சான் உடைத்தபடி மழையைப் பற்றிப் பேசினோம்.

இரண்டாம் மாதம் நான் எழுதினேன்:
பிள்ளைகள் டிரம் குச்சியை
வில் பிடிப்பதுபோல் பிடிக்கிறார்கள்.
நானும் அப்படித்தான் பிடிக்கிறேன்.
கோணலிங்கம் சேர் சிரிக்கவில்லை.
பேனையை வாங்கி,
மிருதங்கம் பழகிய பெரிய விரல்களால்
மெதுவாக எழுதினார்:
சுரம் பார்த்து வாசிக்க எனக்கு வராது.

தவணை முடிவில்
மூன்று பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்தினோம்.
ஐந்தாம் வரியில் ஒரு பள்ளம்.
ஒட்டுசுட்டான் பிள்ளைகள் அத்தனை பேரும்
ஒரே இடத்தில் குழாயை வாயிலிருந்து எடுத்தார்கள்.
மற்றவர்கள் போய்விட்டார்கள்.
"ஏன் நிண்டனீங்கள்?"
"பாட்டே அப்பிடித்தானே, சேர்."

அன்ரனீற்றா ரீச்சர் நிலத்தைப் பார்த்தார்.
அவருக்கு முட்டு வருத்தம்.
அந்த வரியை ஒரே மூச்சில்
ஒருநாளும் கடந்ததில்லை.

பின்னேரம் கொப்பியை அவர் இழுத்தபோது
கோணலிங்கம் சேர் கையை வைத்து மறித்தார்.
"இது பிழைக்குள்ள வராது, ரீச்சர்."
"இரக்கம் வேண்டாம், சேர்.
எங்க மூச்செடுக்கிறது எண்டு சொல்லுங்கோ."

பிறகு அரை மணித்தியாலம்
ஆளுக்கொரு மெலோடிக்கா.
ஊதினோம், விரலில் எண்ணினோம், சண்டை பிடித்தோம்.
நான் சுரத்தைப் படித்துச் சொல்ல
அவர் தொடையில் தாளம் போட,
இரண்டு சுரம் முன்னால்
ஒரு சின்ன வாசல் இருந்தது.
அதுவரை ரீச்சரின் மூச்சு போதும்.
எனக்கே அங்கே நின்றால்தான் சுகம் என்று
அன்றுதான் தெரிந்தது.

அவர் எழுதினார்:
ஐந்தாம் வரி, ரி முடிய மூச்சு. மூன்று பள்ளிக்கும்.
நாலேகால் பஸ் போய்விட்டிருந்தது.

கீழே என் கையெழுத்தில்:
டிரம்பெட்டின் நடுக்கட்டை அமத்தினால் எழும்புதில்லை.
தையல் மெஷின் எண்ணெய் கொண்டுவருவது
என் பொறுப்பு.