காயும்வரை

அயோடின் இல்லாத உப்பு நாற்பது பவுண்டு வாங்கினால்
கல்லாவில் இருக்கும் பெண் கேட்கத்தான் செய்வாள்.
"ஊறுகாய்," என்றேன்.
என் கோட்டில் ஒட்டியிருந்த மான்மயிரைப் பார்த்துவிட்டு
மீதிச் சில்லறையைத் தட்டில் வைத்தாள், கையில் தரவில்லை.

வெர்லன் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர்.
முழங்கால் அறுவைக்குப் பின் இரண்டு மாத ஓய்வு.
சிலர் பாட்டிலுக்குள் கப்பல் கட்டுவார்கள்,
சிலர் டிவியோடு சண்டை போடுவார்கள்;
இவர், குப்பைக்கிடங்குக்குப் போகவிருந்த
ஹாஸ்கெட்டின் ட்ரக்கை மறித்து
ஒரு வெண்வால் மானின் தோலைக் கேட்டு வாங்கி வந்தார்,
கம்பளம்போல் சுருட்டி, அக்குளில்.

உப்பில் ஐந்து நாள்.
சாம்பல் நீரில், மயிர் தளரும்வரை, இன்னும் ஐந்து.
குளியல் தொட்டி அதற்கு.
எங்களுக்கு என் அக்கா வீட்டுக் குளியலறை, பன்னிரண்டு மைல்.

கேரேஜில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சாய்த்து நிறுத்தி
அதன்மேல் தோலைப் போர்த்தி
மழுங்கிய கத்தியை இரு கையாலும் தள்ளுவார்.
பழைய சுவரிலிருந்து
நனைந்த காகிதம் உரிகிற சத்தம்.
வழிந்த கொழுப்பை நாய் தின்றது.
கத்தியின் உறையையும் தின்றது.

பதனிட அந்த மிருகத்தின் மூளையே போதுமாம்.
எங்கள் மானுக்குத் தலை வரவில்லை.
ஆகவே முட்டை: இரண்டு டஜன்.
மஞ்சளை நான்தான் பிரித்துக் கொடுத்தேன், வாய் திறக்காமல்.
மிஞ்சிய வெள்ளையில் மூன்று கேக் சுட்டேன்.
அவரவர் நேரத்தில் அவரவர் தின்றோம்.

அந்த வாரம் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
காரணம் இங்கே வேண்டாம்.

சனிக்கிழமை நான்கு மணிக்குத்
தோலை முறுக்கிப் பிழிந்தவர்
சமையலறை வாசலில் வந்து நின்றார்.
"ட்வைலா, இதற்கு நாலு கை வேண்டும்."
எட்டு நாளில் முதல் வாக்கியம்.

விதி ஒன்றுதான்: காயும்வரை இழுக்க வேண்டும்.
ஈரம் இருக்கையில் கை நின்றால்
நின்ற இடம் பலகை.

அவர் கழுத்துப் பக்கம், நான் பின்னங்கால் பக்கம்.
நீளத்தில், அகலத்தில், மூலைக்கு மூலை.
ஆறு மணிக்கு என் தோள் எரிந்தது.
எட்டுக்கு வெளியே பனி பிடித்தது.
ஒன்பதுக்கு எரிவாயு பில் பற்றிப் பேசினோம்,
பிறகு ட்ரக்கின் பின் டயர்,
பிறகு அவர் அம்மாவின் மூக்குக்கண்ணாடி
கடைசியில் யாரிடம் போயிற்று என்று.
பேசினால் இழுப்பு சீராக வருகிறது.
அதனால் பேசினோம்.

பதினொன்றே காலுக்கு உள்ளே தொலைபேசி அடித்தது.
அந்த நேரத்தில் அழைப்பவன் ஒருவன்தான்.
நான் இழுத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன்;
ஆனால் மூன்றாவது மணியில் இருவரும்
சமையலறை வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றிருந்தோம்.
தோல் நடுவில் தொய்ந்து கிடந்தது.
ஏழாவதோடு ஓய்ந்தது.
"நாளைக்குக் கூப்பிடலாம்," என்றார்.
"நீங்களே கூப்பிடுங்கள்," என்றேன்.
மறுபடி இழுத்தோம்.

இரண்டு மணிக்கு அது துணியாகிவிட்டிருந்தது.
கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஃபிளானல்.
வெர்லன் தரையில் உட்கார்ந்து
நல்ல காலையும் கெட்ட காலையும் நீட்டிக்கொண்டு சிரித்தார்.

ஞாயிறு முழுக்க, பழைய வாளியில்
உளுத்த பைன் துண்டுகள் புகைந்தன.
பையாகத் தைத்துக் கவிழ்த்த தோலுக்கு மெல்லத் தேன் நிறம் ஏறியது.
மதியம் தொலைபேசியை எடுத்துக்கொண்டு
அவர் கேரேஜுக்குப் போனார்.
நான் இடைக்கதவைச் சாத்தினேன்.

கழுத்தோரம், உள்ளங்கை அகலத்துக்கு,
இன்னும் விறைப்பாக இருக்கிறது.
நகத்தால் தட்டினால் டக்கென்கிறது.
நனைத்து மறுபடி இழுத்தால் சரியாகும் என்கிறார்.
திங்கள்கிழமை மீட்டர்கள் காத்திருக்கின்றன.
சோபாவின் முதுகில் அது கிடக்கிறது;
நாய் அந்த இடத்தைத்தான்
தேடித் தேடி நக்குகிறது.