மணி என்கிற அடைக்கலம்

செக்காலை ரோட்டில்
இரவு பத்தரைக்கும் பரோட்டாக் கல் ஓயாத கடை.
முகூர்த்தத்துக்கு முந்தின நாள்.
நாங்கள் ஐந்து பேர், ஆறு பேரின் பசி.
என் மைத்துனன் வயிரவன் விரலைச் சொடுக்கினான்.
வந்து நின்றவர் சட்டையில்
'மணி' என்று ஒரு பட்டை.
அவரைத் தெரிந்துகொள்ளும் வேலை
எங்களுக்கு அதோடு முடிந்தது.

மணி, தண்ணி.
மணி, இலை கிழிஞ்சிருக்கு, மாத்து.
மணி, காடை என்ன கல்லு மாதிரி இருக்கு,
நீயே தின்னு பாரு.

சரிங்க.
மாத்திடுறேங்க.
மாஸ்டர்கிட்ட சொல்றேங்க.

அவர் வைத்துவிட்டுப் போன 'ங்க' எல்லாம்
இலையோரம் எலும்போடு சேர்ந்துகொண்டிருந்தன.
இரண்டே எழுத்து.
பில்லில் ஏறாது, வரி கிடையாது.
ஒன்றையாவது திருப்பித் தரலாமென்று
எங்கள் ஐந்து வாயில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

ரசம் ஆறிப்போயிருந்ததாம்.
வயிரவன் டம்ளரைத் தள்ளினான்.
தள்ளினான் என்றுதான் முதலில் எழுதினேன்.
எறிந்தான்.
மல்லித்தழை ஒன்று பறந்து போய்
ம-வுக்கும் ணி-க்கும் நடுவில் ஒட்டிக்கொண்டது.
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
இந்த ஒரு வரியைச் சொல்லத்தான்
இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தேவகோட்டை கோர்ட் வாசலில் எனக்குக் கடை.
வக்கீல் குமாஸ்தாக்களுக்கு நான்
"ஏய் ஜெராக்ஸு."
பதினாலு வருஷமாய்.
வீட்டுக்குப் போகும்போது
அதை எங்கே இறக்கி வைக்கிறேன் என்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

கை கழுவப் போனேன்.
குழாயடியில் பட்டையைக் கழற்றி
கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.
"ஸாரி மணி" என்றேன், கண்ணாடியைப் பார்த்து.

"அது நின்னுபோன பையன் பேருங்க.
புதுசு அடிச்சா சம்பளத்துல அம்பது ரூவா பிடிப்பாங்க.
நான் அடைக்கலம்."

சொல்லிவிட்டு எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.
சோப்பு இந்தப் பக்கம் என்று கையும் காட்டினார்.

மறுநாள் பள்ளத்தூர் மண்டபம், இரண்டாம் பந்தி.
வெண்டைக்காய் மண்டி வாளியோடு போன ஒருவர்
என் இலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.
"உங்களுக்குப் பிரஷர்ல. ஊறுகாய எடுத்துடவாங்க?"

நேற்று ஒரே ஒரு தடவை சொன்னேன்,
அதுவும் காடையைக் குறை சொல்லும் சாக்கில்.
எனக்கோ, பட்டை இல்லாத அவர் முகம் பிடிபடவில்லை.
துவைத்தும் போகாத ரசக்கறைதான்
யாரென்று சொன்னது.

பகலில் விசேஷங்களுக்குப் பரிமாறப் போவாராம்.
இரவில் கடை.
தூக்கம் எப்போது என்று நான் கேட்கவில்லை,
கேட்கிற உரிமையைத் தொலைத்திருந்தேன்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"
குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது.
அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.
ஈரத் தரை. ஒரு மோர் வாளி.
வேறு யாரும் இல்லை.

"உங்களத்தாங்க."

"இன்னும் மூணு பந்தி கெடக்குங்க" என்றார்.
வாளி மற்றக் கைக்கு மாறியது.

பக்கத்து இலையில் வயிரவனின் விரல் உயர்ந்தது,
சொடுக்கப் போகும் வளைவில்.
அதைப் பிடித்து இலைமேல் வைத்தேன்.
சோறும் குழம்பும் என் கையில் ஒட்டின.
"அடைக்கலம்னு பேரு. கூப்பிடு."

கூப்பிடவில்லை.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
பாயசத்துக்கு முன்பே எழுந்துபோனான்,
இலையை மூடாமல்.

அதை நான் மூடினேன்.