எவ்வளவு தள்ளி

நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து
கல்லஸ்தே கரையில் காரை நிறுத்தி
உறைந்த பெய்ப்சி ஏரியின் மேல்
அரைமணி நேரம் நடந்து
முக்காலிகளை விரித்து
உட்கார்ந்த பிறகுதான்
இந்திரெக் கேட்டான்:
"துளைப்பான் எங்கே?"

நான் கேட்க வாயெடுத்த கேள்வி அது.

குட்டைத் தூண்டில்கள் இரண்டு இருந்தன.
ஈரக் காகிதத்தில் சுற்றிய செம்புழுக்கள்
உறைந்துவிடாமல் என் உள்சட்டைப் பையில்.
பிளாஸ்கில் காபி, முழுசாக ஒரு கறுப்பு ரொட்டி,
பிடிக்கப்போகும் மீனுக்கு
கொஞ்சம் பேராசையான வாளி.
இத்தனைக்கும் கீழே நாற்பது சென்டிமீட்டர் பனி.
மீன் அதற்கும் கீழே.

தேர் வந்தாயிற்று, ஊர் கூடியாயிற்று,
வடத்தைக் காணோம்.

சொல்லிவிடுகிறேன்:
இந்திரெக் என் மனைவியின் முதல் கணவன்.
துளைப்பானும் அவனுடையதுதான்.
பிரிந்தபோது அவன் எடுத்துக்கொண்டவை
புத்தகங்கள், நாய், பாதிக் கரண்டிகள்.
அது மட்டும் கராஜில் நின்றுபோயிற்று.
கராஜ் இப்போது என்னுடையது.

அவன் பொருள், அவன் எடுத்து வைப்பான் என்று நான்.
என் வீட்டில் இருப்பது, நான் எடுத்து வருவேன் என்று அவன்.
ஆறு வருடமாய்
அவனும் கேட்கவில்லை,
நானும் தரமாட்டேன் என்றதில்லை.

சண்டை போட்டிருக்கலாம்.
அவன் குதிகாலால் பனியை உதைத்துப் பார்த்தான்.
நான் ஜாக்கிக் கம்பி எடுக்கக் கரைக்கே திரும்பினேன்.
போக அரைமணி, வர அரைமணி.
பிறகு மாறி மாறிக் குத்தினோம்,
மூச்சு வாங்கும்போது மட்டும்
வானிலை பற்றிப் பேசிக்கொண்டு.
கடைசியில் ஒரு சூப் கிண்ணம் அளவுக்குப் பள்ளம்.
தண்ணீரின் வாசனைகூட இல்லை.
கீழே எங்கோ ஏரி முனகியது,
தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் மாதிரி.

அப்போதுதான் உஸ்தீன்யா வந்தாள்,
நின்றபடியே காலால் உந்தும் சறுக்குவண்டியில்.
பெட்டியில் பதினோரு பெர்ச் மீன்,
குச்சி குச்சியாய் விறைத்து.
தோளில் சிவப்புத் துளைப்பான்.
எங்கள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.
"யாருக்குக் குழி?"

யாருக்கும் பதில் வரவில்லை.
கையுறையில் துப்பிக்கொண்டு
சரசரவென்று இறக்கினாள்.
இருபது சுற்றில் சாம்பல் நிறத் தண்ணீர்
வழிந்து மேலே வந்தது.
"அடுத்தது எவ்வளவு தள்ளி?"

"பத்தடி" என்றான் இந்திரெக்.
"பக்கத்திலேயே" என்றேன் நான்.
இரண்டும் ஒரே நொடியில்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.
ஏதோ கணக்குப் போட்டவள் போல
இரண்டு எட்டு வைத்துத் துளைத்தாள்.
கூலியாகப் பாதி ரொட்டி.

இரண்டு எட்டு.
கையை நீட்டினால் பிளாஸ்க் எட்டும்.
பேசாமல் இருந்தாலும் குற்றமில்லை.

அவனுக்கு இரண்டு சிக்கின.
எனக்கு விரல் நீளத்தில் ஒன்று;
திரும்ப உள்ளே விட்டேன்.

இருட்டும் நேரம் பிர்யே கூப்பிட்டாள்.
ரஷ்ய நெட்வொர்க்குக்குத் தாவித் தாவி
துண்டு துண்டாக அவள் குரல்:
"மறக்கக் கூடாதென்று நடையில்...
குறுக்கே போட்டேன்... இரண்டு பேரும்
தாண்டிப் போயிருக்கிறீர்கள்..."

"என்னவாம்?" என்றான்.
"மீன் கிடைத்ததா என்கிறாள்."

எனக்கு நினைவு வந்தது, அந்தக் காலை:
எதையோ தாண்டக் காலைத் தூக்கினேன்.
முன்னால் போன அவனும் தூக்கினான்.
எது என்று குனிந்து பார்க்கவில்லை.

இரவு வீடு திரும்பியபோதும்
அது அங்கேதான் கிடந்தது,
நீல வண்ணம் உதிர்ந்து, கைப்பிடியில் அவன் கட்டிய
பழைய சைக்கிள் டியூபோடு.
இந்திரெக் தாண்டினான்.
வாளியுடன் நானும் தாண்டினேன்.

சமையலறையில் வெண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.
மேஜையில் மூன்று தட்டு.
இரண்டு மீன்,
மிச்சமிருந்த ரொட்டி.