செட்டிபாளையத்தில் எண்பத்தொன்று

அக்கரைப்பற்று–மட்டக்களப்பு, காலை ஆறேகால் பஸ்.
கல்முனையில் முதல் சத்தம்.
எட்டுப் பேர் தங்கள் தங்கள் பைகளைத் துழாவினார்கள்.
கத்தியது என் போன்.
கத்தச் சொன்னது என் இடது கையின் பின்புறம்
ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒட்டியிருப்பது.

சிக்னல் இல்லையாம்.
சரிதான். போன் இஸ்ஸதீனின் கண்ணாடிக்குக் கீழே,
தஸ்பீஹ் மாலைக்கும் டீசல் பில்லுக்கும் நடுவே.
நான் பின் மிதிபலகையில்.
இடையில் அறுபத்தெட்டுப் பேர், ஒரு மூட்டை கருவாடு.
நெரித்துப் போய் எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.
தொலைந்தது நானா தானா என்று
இரண்டு நிமிடம் யோசித்தது.
பிறகு: நூற்றிப் பதினெட்டு. நேர் அம்பு.

அம்பு சாய்ந்தால் கவனி.
குப்புற விழுந்தால் டிக்கட்டை விடு, சீனியைத் தேடு.
கிளினிக் மிஸ்ஸி சொன்னது இவ்வளவுதான்.
மீதியை இந்த ரோட்டில் படித்தேன்.

பெரியகல்லாற்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினால்
கம்பிக்கும் புத்தகப் பைக்கும் நடுவில் கை நசுங்கும்.
அறுபத்திரண்டு! என்று அலறும்.
பொய்.
அமுக்கிப் பிடித்தால் எதையும் ஒத்துக்கொள்ளும்.
இந்த ஊரில் அது புதிதில்லை.
கையை விடுவித்து உயர்த்திப் பிடித்தேன்,
களுவாஞ்சிகுடியில் தொண்ணூற்றேழு ஆனது.
ஆனால் அம்பு சாய்ந்திருந்தது.

ஊசி போட்டது ஐந்தரைக்கு.
நாலு இடியப்பம் தின்ன வேண்டியவன்
ஒன்றரையோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.
யாருடைய பிழையுமில்லை,
இடியப்பத்தின் பிழையுமில்லை.

செட்டிபாளையத்தில் எண்பத்தொன்று.
குருக்கள்மடத்தில் ஒரு அம்மா
ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினா.
மிச்சக் காசு எவ்வளவு என்று
மூன்று தரம் கணக்குப் போட்டேன். மூன்று விடை.
அலாரத்துக்கு முன்னால் அடித்த அலாரம் அது.

போனில் தெரிவது இரத்தத்தின் எண் அல்ல,
தோலுக்கடியில் ஊறும் நீரின் எண்.
பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தி வரும்.
இது தாழங்குடா என்று சொல்லும்போது
இரத்தம் ஆரையம்பதியில் இறங்கிப் போயிருக்கும்.

கிரான்குளம். அறுபத்தாறு. அம்பு குப்புற.
விரலைக் குத்தினேன்.
இருநூற்றி நாற்பது.
இரண்டு மெஷினும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகின்றனவா?
விரலை முகர்ந்தேன்.
தொதல்.
மருதமுனையில் ஏறிய சம்சுநிஷா உம்மா
மகனுக்குக் கலியாணம் என்று
காசோடு சேர்த்துக் கையில் வைத்த தொதல்.
போத்தல் தண்ணீரில் கழுவி, துடைத்து, மறுபடி குத்தினேன்.
ஐம்பத்தொன்பது.

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருப்பார் இஸ்ஸதீன்.
ஹோல்ட் இல்லாத இடத்தில் ஓரங்கட்டினார்.
"என்னகா, ஒபிசுக்குப் போகோணும்!"
படியில் இருந்து நெக்டோவைக் குடித்தேன்.
தொதலைத் தொடவில்லை;
அதன் எண்ணெய் சீனியைப் பிடித்து வைத்துக்கொண்டு
மெல்ல மெல்லத்தான் விடும்.
நடுங்கிய கையிலிருந்து காசுப் பையை வாங்கினா
ஆயிரம் ரூபாய் அம்மா.
தன் மிச்சத்தைத் தானே எண்ணி,
என் கண்ணுக்கு நேரே காட்டி,
முந்தானையில் முடிந்துகொண்டா.
ஏழு நிமிடம்.

பஸ் நகர்ந்தது. எனக்குக் கணக்கு திரும்பி வந்தது.
போனுக்கு வரவில்லை.
காத்தான்குடியிலும் கத்தியது,
ஐம்பத்துநாலு, ஐம்பத்துநாலு என்று.
"நிப்பாட்டு மச்சான் அதை."
அந்த ஒன்றை நிப்பாட்ட ஏலாது இஸ்ஸதீன்,
அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.
அது இன்னும் கிரான்குளத்தில் நிற்கிறது.

கல்லடிப் பாலத்தில் வந்து சேர்ந்தது, எழுபத்தெட்டு.
கூடவே ஒரு செய்தி:
சென்சர் முடிய இரண்டு நாள்.
தோஹாவிலிருந்து தம்பியின் பார்சல்
இன்னும் வரவில்லை.

ஸ்டாண்டில் டைம்கீப்பர் பேனையைத் திறந்தான்.
"ஏழு நிமிடம் லேட். காரணம்?"
"ஐம்பத்தொன்பது" என்றேன்.
எழுதிக்கொண்டான்.